ஃபேமிலியா, பேச்சலரா?

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவரைக் காலி செய்ய வைத்தது நான்தான். குடியிருப்பு ஆபீசுக்குப் போன் செய்து, அந்த வீட்டில் இருப்பவர்கள் பேச்சலர்கள் என்று சொன்னேன். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

வளைகுடாவில் வாழாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். அங்கே பேச்சலர் என்றால் கல்யாணமாகாதவன் அல்ல. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, அறையைப் பங்கு போட்டுக்கொண்டு தங்கியிருப்பவன். பேரன் பேத்தி எடுத்தவனும் பேச்சலர்தான். குடும்பங்களுக்கான குடியிருப்புகளில் அவனுக்கு இடமில்லை. நானும் துபாயின் சத்வா பகுதியில், கட்டிலுக்கு அடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, பல வருடம் அப்படி இருந்தவன்.

பிறகு சம்பளம் உயர்ந்து குடும்பத்தை அழைத்துக்கொண்டேன். வெளிநாட்டுக்காரர்களும் துபாயில் வீடு வாங்கலாம் என்று ஆனபோது, நகரத்துக்கு வெளியே மணலை நிரவிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றை வாங்கினேன். "நாளைக்கே போகச் சொன்னா செவத்தையா தூக்கிட்டுப் போவ?" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நான் அசையவில்லை. பிறர் கட்டடங்களின் வரைபடங்களைச் சரிபார்த்தே தலை நரைத்தவன் நான். முதல்முறையாக என் பெயர் போட்ட ஒரு வரைபடம் என் கைக்கு வந்தது. குளியலறைக்கு வரிசையில் நின்ற காலத்தை நினைத்து, முதல் வெள்ளிக்கிழமை விடுமுறையிலேயே வீட்டின் மூன்று குளியலறைகளிலும் ஒருமுறை குளித்தேன். மனைவி சிரித்தாள். வாசலில் பெயர்ப்பலகையைத் தமிழிலும் எழுதி மாட்டினேன். அந்தப் பெருமை இன்றும் குறையவில்லை. அதை மறைத்தால் இந்த ஒப்புதலுக்கு அர்த்தமில்லை.

பால் காய்ச்சிய நாளில் எங்களுக்குச் சிலிண்டர் வந்து சேரவில்லை. விருந்தினர்கள் வந்துவிட்டார்கள், அடுப்பில் பால் பாத்திரம் சும்மா இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, தம் வீட்டுச் சிலிண்டரைக் கழற்றித் தோளில் தூக்கிவந்து மாட்டிக் கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஏசி வேலை பார்ப்பவர். "மொதப் பால் பொங்கணும்லா சார். எங்களுக்கு மத்தியானச் சோறு கடையில வாங்கிக்கிடுதோம்" என்றார். பால் பொங்கியது.

அவரோடு இன்னும் நான்கு பேர் அந்த வீட்டில் இருந்தார்கள். சுவர் மேல் கைலிகள் காயும். வெள்ளிக்கிழமை கருவாட்டு வாசனை வரும். மாலை நடையில் மற்ற வீட்டுச் சொந்தக்காரர்கள், இப்படியே விட்டால் நம் வீடுகளுக்கு மதிப்பிருக்காது என்று பேசிக்கொண்டார்கள். அவர்களில் யாரும் போன் செய்யவில்லை. நான் செய்தேன்.

சில வாரங்களில் அவர் வாசலில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. என்னைப் பார்த்து அவரே வந்தார்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான் சார். ஃபேமிலி வரணும்னுதான் இந்த வீட்டையே எடுத்தேன். இவனுவ வாடகைக்குக் கைகொடுத்தானுவ. விசா வந்ததும் கம்பெனி கேம்ப்புக்குப் போயிருவானுவ. மகளுக்கு டி.சி.யும் வாங்கியாச்சு. இப்ப வீட்டுக் காண்ட்ராக்டு இல்லாம விசா கிடையாது. கலாஸ், எல்லாம் முடிஞ்சிட்டு."

பெட்டிகளை வண்டியில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன்.

அன்று மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீங்க சத்வால இருந்தப்ப நமக்கு ரெண்டு பசங்க. அப்ப நீங்க யாரு?" என்று கேட்டாள்.

மறுநாள் குடியிருப்பு ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த மலையாளி, "சாரே, புகார் சொன்னதும் நீங்க, வேண்டாம்னு சொல்றதும் நீங்களா? அந்த வீடு வேற ஆளுக்குப் போயாச்சு" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஒரு நண்பரின் அறையில் ஒண்டியிருந்தார். தேடிப்போய், கீழே இருந்த டீக்கடையில் உட்காரவைத்து, போட்டுக் கொடுத்தது நான்தான் என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"தெரியும் சார். ஆபீஸ்ல சொன்னான்."

"அப்புறம் ஏன் அன்னைக்கு எவனோன்னு சொன்னீங்க?"

"நீங்களா சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

என் வீட்டு மாடி அறைக்கு உங்கள் பெயரில் வாடகைக் காண்ட்ராக்டு எழுதித் தருகிறேன், குடும்பத்தை அங்கே அழைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "இத்தன நாளு ஷேரிங் பேச்சலர். இனி ஷேரிங் ஃபேமிலியா? வேண்டாம் சார். கார் இருக்குல்லா, வீடு தேட வாங்க. அது போதும்" என்றார்.

டூட்டி முடிந்து ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் அலைந்தோம். எல்லா ஏஜென்ட்டும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: ஃபேமிலியா, பேச்சலரா? ஒவ்வொரு முறையும் அவர் வாயைத் திறக்கும் முன் நானே முந்திக்கொண்டு "ஃபேமிலி" என்றேன். ஒருவன் நம்பாமல் "ஃபேமிலி எங்கே?" என்று கேட்டான். அவர் சட்டைப்பையிலிருந்து மகளின் படத்தை எடுத்துக் காட்டினார். அப்போதுதான் அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்த்தேன்.

அஜ்மானில் ஒரு வீடு அமைந்தது. ஆனால் விசா வந்து, மனைவியும் மகளும் விமானம் ஏறுவதற்குள் இங்கே பள்ளிச் சேர்க்கை முடிந்துவிட்டது. இந்தத் தாமதத்தைச் சரிசெய்ய என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

அடுத்த கல்வியாண்டில் மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். அதற்குப் பிறகுதான் அவர் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்து மாறினார். அங்கே பால் காய்ச்ச எங்களைக் கூப்பிட்டார். நான் ஒரு புது சிலிண்டரைக் காரில் ஏற்றிப் போனேன். தூக்க முடியாமல் படியில் நின்றபோது அவர் இறங்கிவந்து ஒரு பக்கம் பிடித்தார். "எங்க பழைய பக்கத்து வீட்டு சாரு" என்று மனைவியிடம் சொன்னார்.

பால் சூடாகிக்கொண்டிருந்தது. மகள் வந்து அருகில் நின்றாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன்.

"தேர்ட் ஸ்டாண்டர்ட், அங்கிள்."

"நாலாவது போயிருக்கணும் சார்," என்றார் அவள் அம்மா, கள்ளமில்லாமல். "இங்க வர லேட்டாயிட்டு. ஒரு வருசம் சும்மா இருந்தா பிள்ள."

நான் பாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? பொங்கிட்டு பாரு. சாருக்கு மொதல்ல பால் குடு" என்றார்.