வழுக்கையில் பூத்த தாமரை

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஐஸ் அறை கேட்டு, காங்கேசன்துறையில் நடந்த கூட்டத்தில் கதைக்க என்னைத்தான் நிறுத்தினார்கள். பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிறவனுக்குப் பயம் வராது என்ற நினைப்பு. நானோ, மேடையில் எல்லாம் மறந்துபோகும் என்ற பயத்தில், முழுப் பேச்சையும் எறும்பு எழுத்தில் ஸ்லைட்டுகளில் ஏற்றியிருந்தேன்.

பணம் ஒதுக்கும் அதிகாரி வழுக்கைத் தலையர். ஒவ்வொரு ஸ்லைட்டுக்கும் எழும்பிப் போய், திரையில் மூக்கு முட்ட நின்று வாசித்தார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் என் வசனங்கள் அவருடைய சட்டை முதுகில் ஊர்ந்தன.

“ஐயா, கொஞ்சம் விலகுங்கோ. பின்னாலை இருக்கிறவைக்குத் தெரியேல்லை.”

“கிட்ட நிண்டு எனக்கே தெரியேல்லை! உமக்கு என்ன வேணும் காணும்?”

“அது கடைசியிலை வரும், ஐயா.”

“அதுவரைக்கும் உங்கடை மீன் பழுதாகாமல் கிடக்குமோ?”

எங்கள் ஆட்களே சிரித்தார்கள். அவசரத்தில் எதையோ அழுத்திவிட்டேன். கடைசி ஸ்லைட் வந்து நின்றது: ‘நன்றி’. அதற்குக் கீழே நான் போட்டிருந்த தாமரை, அவர் வழுக்கையில் பூத்தது.

“நன்றியோ? நான் இன்னும் ஒண்டும் தரேல்லையே!” என்று சீறினார்.

எனக்கும் கோபம் தலைக்கேறியது. “ஐஸ் அறையைத் தாங்கோ! பிடிக்கிற மீன் மத்தியானத்துக்குள்ளை நாறுது!”

“இதை முதலிலை எழுதத் தெரியாதோ?”

இப்போது ஐஸ் அறை வந்துவிட்டது. என்மேல் கத்திய அதே அதிகாரிதான் கையெழுத்து வைத்தாராம். ஆனாலும் அவர்மேல் உள்ள கோபத்தை, அந்த அறைக்குள் போய் நின்றும் என்னால் ஆற்ற முடியவில்லை.