காற்றுப் படாமல் வைத்திருந்த அக்கா

என் அக்காவை உட்கார வைத்தே நோயில் தள்ளினார்கள். இதைச் சொன்னால் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு இன்றும் முகம் கோணும். கோணட்டும். மரியாதைக்காக இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, மலையாள எல்லைக்குள், கனால் என்கிற பாசன வாய்க்காலின் மேட்டை ஒட்டி எங்கள் தோட்டம். எழுபதுகளின் நடுவில் எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. பள்ளிக்கூடம் விட்டதும் மற்றப் பெண்கள் கனால் மேட்டில் கதை பேசிக்கொண்டு நடந்து வருவார்கள். அக்கா தன் பையையும் என் தோளில் மாட்டிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவாள். மார்கழி, தை மாதங்களில் மலைக் கணவாய்க் காற்று எதிரே வந்து அறையும். பெரியவர்களே தலையைக் குனிந்துகொண்டு நடக்கிற காற்று அது. அவள் அதற்குள் புகுந்து ஓடுவாள்.

வருஷா வருஷம் அந்தக் காற்றோடு சளியும் இருமலும் எங்கள் வீட்டுக்குள் வரும். அக்காவுக்கும் வரும். நாலு தும்மல், ஒரு நாள் மூக்கொழுகல், அதோடு சரி. பத்து நாள் இழுத்துக்கொண்டு கிடப்பது நான்தான். அத்தை எனக்கு வைத்த பெயர் சீக்குக் கோழி.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். புருஷன் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். அப்பா பண்ணையம் பார்த்தார், அத்தை எங்களைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் டிரில் மாஸ்டர் சைக்கிளில் எங்கள் தோட்டத்துக்கே வந்தார். உபஜில்லா அளவில், சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேரும் ஓட்டப் பந்தயத்துக்கு அக்காவை அனுப்ப வேண்டும் என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மோர் கொடுத்து உபசரித்தார். சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம், "எம் புள்ள ஓடறதப் பாத்தீங்கன்னா பொள்ளாச்சி பஸ்ஸே பின்னாடி நின்னுக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆடியில் அக்கா வயதுக்கு வந்தாள். அதே அப்பா, அதே வாய். "இனி என்ன ஓட்டம்?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பந்தயம் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று.

சீர் முடிந்த பிறகும் அவளை மேற்கு அறையை விட்டு வெளியே விடவில்லை. "வயசுக்கு வந்த புள்ள மேல காத்துப் படக்கூடாது" என்றாள் அத்தை. காலையில் நல்லெண்ணெயில் பச்சை முட்டை, மதியம் உளுந்தங்களி, சாயந்திரம் மறுபடியும் ஏதாவது. தின்பதும் உட்காருவதும்தான் அவளுக்கு வேலை. இரண்டே மாதத்தில் கன்னம் உப்பி, கை கால் பூசினாற்போல் ஆகிவிட்டது. வருகிற பெண்கள் எல்லாம் தாடையைத் தொட்டு, "தளதளன்னு ஆயிட்டாளுங்க, கண்ணு பட்டுரும்" என்பார்கள். அத்தைக்கு அப்படி ஒரு பூரிப்பு. கொழுத்ததெல்லாம் ஆரோக்கியம் என்று அந்த வீட்டில் ஒரு கணக்கு இருந்தது. ஒருநாள் அம்மா மட்டும், "களத்துல காலாறக் கொஞ்சம் நடக்கட்டுமுங்களே" என்று மெல்லக் கேட்டாள். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

அக்கா செய்துகொண்டிருந்த வேலை எல்லாம் என் தலையில் விழுந்தது. காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவது, ஆட்டுக்குப் பின்னால் ஓடுவது, கிணற்றடியிலிருந்து குடம் தூக்குவது. எனக்கு முட்டையும் கிடையாது, களியும் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அக்கா மேல்.

புரட்டாசியில் ஒருநாள் விடியற்காலை சாணி அள்ளப் போனபோது பார்த்தேன். களத்தில், வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம், அக்கா சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். பாவாடை முழங்கால் வரை ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முன்பெல்லாம் கனால் மேடு முழுக்க ஓடினாலும் மூச்சு வாங்காதவளுக்கு அப்போது இரைத்தது.

"கண்ணு, ஆருகிட்டயும் சொல்லீராத. இருவத்தஞ்சு சுத்துத்தான். இது இல்லீனா உள்ள அடைச்சாப்பல இருக்குது" என்றாள்.

நான் நாலு நாள் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் முட்டைக்காக ஒரு சண்டை வந்தது. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அப்பா அவளை அடிக்கவில்லை. "மானத்த வாங்கப் பாத்தயே அம்மிணி" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் பின்கதவுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுத்தார். அத்தை எனக்கு ஒரு முட்டை கொடுத்தாள். தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

மார்கழியில் காற்று வந்தது, கூடவே காய்ச்சலும் வந்தது. அந்த வருஷம் கொஞ்சம் மோசமான காய்ச்சல். முதலில் விழுந்தது நான். எப்போதும்போல் பத்து நாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து ஆட்டைப் பிடிக்க ஓடினேன். சீக்குக் கோழி கூரை ஏறிவிட்டது என்று எல்லோரும் சிரித்தார்கள். ஏன் ஏறியது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

என்னிடமிருந்து அக்காவுக்கு ஒட்டியது. நாலு தும்மலில் போகவில்லை. இருமல் நெஞ்சுக்குள் இறங்கியது, நெஞ்சு விசில் அடித்தது. "களத்துல ஓடுனாளே, அப்பப் பட்ட காத்துத்தான்" என்றாள் அத்தை. மூன்று மாதம் முன்பு பட்ட காற்றாம்! இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தி, கோழை இளக வேண்டும் என்று தணலில் நொச்சியைப் போட்டு அறை முழுக்கப் புகை மூட்டினாள். மூச்சுக்குத் தவிக்கிற பெண்ணுக்குப் புகை! இப்போது நினைத்தாலும் அந்த ஜன்னலை உடைக்க வேண்டும்போல் கை பரபரக்கிறது.

உதடு நீலம் பாரித்ததைப் பார்த்த அம்மா, வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தை முன்னால் சத்தம் போட்டாள். "வண்டியப் பூட்டறீங்களா, நானே தூக்கிட்டு நடக்கட்டுமா?" அப்பா வண்டியைப் பூட்டினார்.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் மலையாளி. குழலை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். நிமோனியா என்றார். அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "இந்தக் குட்டிக்கு ஓட்டம், விளையாட்டு ஒண்ணும் கிடையாதோ? ஓடி நடந்த நெஞ்சுன்னா கபத்தை வெளியே தள்ள ஒரு சக்தி இருக்கும். இது நடந்தே எத்தனையோ காலம் ஆன மாதிரி இருக்கே?"

அப்பா மேல்துண்டைச் சரி செய்துகொண்டார். அத்தைதான் பதில் சொன்னாள்.

"அவ சோம்பேறிங்க டாக்டரு. எந்திரிச்சு நடன்னு சொன்னாலும் கேக்க மாட்டா."

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பொள்ளாச்சி பஸ்ஸைப் பின்னால் நிறுத்திய மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா பிழைத்தாள். ஒரு மாதம் போலப் படுத்திருந்தாள். அதன் பிறகு அவள் ஓடி நான் பார்த்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நடக்க விடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினெட்டில் கட்டிக் கொடுத்தார்கள். இன்றும் அவள் நாலு படி ஏறினால் நின்றுதான் அடுத்த படி ஏறுகிறாள். ஓடிக்கொண்டிருந்திருந்தால் காய்ச்சலே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. வந்திருக்கும். நாலு தும்மலோடு இல்லாவிட்டாலும் நாலு நாளோடு போயிருக்கலாம். அந்த வாய்ப்பைத்தான் பிடுங்கினார்கள். பிடுங்கிக் கொடுத்தவள் நான்.

அன்று அத்தை சொன்னதை டாக்டர் நம்பினாரா, தெரியவில்லை. கட்டில் பக்கம் குனிந்து, பெற்ற மகளைக் கேட்பதுபோல், "அப்படியா மோளே?" என்று அக்காவையே கேட்டார். அக்கா அத்தையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது. களத்தைப் பற்றிச் சொல்லப் போகிறாள், நான் கோள் சொன்னதையும் சொல்லப் போகிறாள் என்று பயந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, வராந்தாவில் விளையாடப் போனேன். பேச அவளிடம் மூச்சு இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.