தாளிக்காத வீடு

மூன்று வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் அது. தாராவியில் மாடியில் எங்களுக்கு ஒரே ஒரு அறை. கட்டில், சமையல் மேடை, பாத்திரம் கழுவும் மூலை எல்லாம் அதற்குள்ளேயேதான். கட்டிலில் உட்கார்ந்தபடியே எட்டி அடுப்பை அணைத்துவிடலாம். அந்தக் கட்டிலில் அப்போது என் வீட்டுக்காரர் படுத்திருந்தார்.

அவர் தோல் பை தைக்கிறவர். சின்ன வயதிலேயே திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து பம்பாய்க்கு வந்துவிட்டார். சாப்பாட்டுப் பிரியர் என்று சொன்னால் அது குறைவு. பட்டறையில் இருந்து வரும்போது பாதிப் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு, "இன்னைக்கு சாளை மீனா?" என்று குரல் கொடுப்பார். மூக்கு அப்படி. குளிர்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தள்ளுவண்டியில் பச்சைப் பட்டாணியும் சிவப்புக் கேரட்டும் குவிந்ததும் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அவர் கைக்குப் போய்விடும். கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு கலக்கவும் என்னை விடமாட்டார். அவரே கலந்து, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய், தெருமுனை பேக்கரி அடுப்பில் வைத்துச் சுட்டு வாங்கி வருவார். ஓவன் இல்லாத வீடுகளில் எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வோம்.

அந்த மனிதருக்கு நாக்கில் புற்றுநோய் வந்தது. செப்டம்பரில் பம்பாய் மழை முடியும் சமயத்தில் ஆபரேஷன் செய்து நாக்கில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால் எதுவானாலும் துணியில் வடிகட்டி சிரிஞ்சில் ஊற்ற வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பிள்ளைகளுக்காக ரசம் தாளித்தேன். கடுகு வெடித்ததும் திரும்பினால், அவர் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சட்டென்று அடுப்பை அணைத்தேன். அதோடு எங்கள் வீட்டில் தாளிப்பு நின்றது. அவருக்கான கஞ்சி மட்டும்தான் கொதிக்கும். மகள் காலேஜ் கேன்டீனில் சாப்பிட்டாள். மகனுக்கு ஸ்கூல் விட்டு வரும் வழியில் வடாபாவ். கீழ்வீட்டு மராத்திக்கார அம்மா எனக்கு ரொட்டி தருவார். படிக்கட்டில் உட்கார்ந்து அதை அவசரமாக விழுங்கி, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். சாப்பிடவே முடியாத மனுஷன் முன்னால் எப்படிச் சாப்பிடுவது? மூன்று பேரும் திருடர்கள் மாதிரி வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் பிறந்தது. விடிகாலையில் லேசாகக் குளிர ஆரம்பித்தது. சுற்றிலும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். ஒரு வீட்டில் அச்சு முறுக்கு, ஒரு வீட்டில் முந்திரிக்கொத்து என்று எண்ணெய் வாசம் சந்தெல்லாம் நிறையும். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். போகப் போக எங்கள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கஞ்சியோடு போனால் குழாயைக் கையால் மூடிக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரலுக்குப் பரவிவிட்டது, இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை என்றார். டாக்ஸியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தும் அதை அவரிடம் சொல்லவில்லை. "என்ன சொன்னான்?" என்று அவரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், குழாயடியில் இருந்து தண்ணீர்க் குடத்தோடு மேலே வருகிறேன். கட்டிலில் ஆளைக் காணோம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கையில் எங்கள் இரும்புச் சட்டி. அதில் துரு ஏறியிருந்தது. விரலால் தடவி என் முன்னால் நீட்டினார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பேச்சு ஒரே குழறல். எனக்குத்தான் புரியும்.

"ஏட்டி, தாளிக்காத வீடு எழவு வீடுல்லா? நான் இன்னும் சாகலையே."

குடத்தை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் தாளிக்கல. அன்னைக்கு நீங்க அழுதீங்கல்லா?"

"அன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சி. நீ அணைச்சிட்ட." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நாக்கத்தான வெட்டுனான். மூக்கு கெடக்குல்லா?"

சட்டியைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் ஊற்றி, கடுகு போட்டேன். கறிவேப்பிலை, பூண்டு. என்ன குழம்பு வைத்தேன் என்பதே ஞாபகம் இல்லை. அவர் மேடையோரம் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்று சாயந்திரம் கஞ்சிக்குக் குழாயை அவரே எடுத்துக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கேக் மாவு கலக்க உட்கார்ந்தார். நாலு சுற்று சுற்றுவதற்குள் இரைத்தது. மகள் கரண்டியை வாங்கிக்கொண்டாள். தட்டுகளோடு நான்தான் பேக்கரிக்குப் போனேன். நல்ல கூட்டம். பேக்கரிக்காரர், "அண்ணன் வரலையா இந்தத் தடவை?" என்று இந்தியில் கேட்டார். தட்டுகளை நீட்டினேன். என் முகத்தையே பார்த்தவர், வரிசையில் நின்ற யாரிடமும் கேட்காமல் என் தட்டுகளை முதலில் அடுப்புக்குள் தள்ளினார்.

வீட்டுக்குச் சுடச்சுடக் கொண்டுவந்த கேக்கைத் தன் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். ரொம்ப நேரம் முகர்ந்துகொண்டே இருந்தார். பிறகு, "தின்னுங்க. என் முன்னால தின்னுங்க" என்றார்.

தின்றோம். அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் விழுங்கியதில்லை. மகன் வாய் நிறையக் கேக்கை வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அழுதான். அவர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். திரும்பப் படிக்கட்டுக்கே ஓடிவிடலாமா என்றுகூட எனக்கு இருந்தது.

ஆனால் அதன்பின் ஒரு வேளையும் விடவில்லை. பட்டாணிக் குருமா, மீன் குழம்பு, கருவாடு. எது செய்தாலும் மூடியை அவர் பக்கத்தில் கொண்டுபோய்த் திறப்பேன். அப்படியே தை பிறந்தது. ஒருநாள் சாளை வறுத்துத் தட்டை நீட்டினேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

"ஒண்ணும் தெரியலட்டி" என்றார்.

வெயில் காலம் வருவதற்கு முன்பே போய்விட்டார்.

பிள்ளைகளுக்காக இப்போதும் தினம் சமைக்கிறேன். சொந்தக்காரர்கள், "நீ ஒரு குறையும் வைக்காம பாத்துக்கிட்ட" என்று சொல்லும்போது தலையாட்டிக்கொள்கிறேன். அவருக்கு எது வலிக்கும் என்று எல்லாவற்றையும் நானே முடிவு செய்தேனே, ஒரே ஒரு தடவை அவரையே கேட்டிருந்தால், ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதலே அவருக்கு வீடு மணத்திருக்கும்.