லேபிள் போன பதினொரு கண்ணாடிகள்

முதுநகரில் அறை எடுத்துப் படித்த செம்பியன், பி.எஸ்சி. முடித்துக் கீரப்பாளையம் திரும்புமுன் பழைய கைடுகளை எடைக்குப் போடப் போனான். 2009-இல் அப்படித்தான் காயலாங்கடைச் சவரிமேரியைப் பார்த்தான். தராசுக்கு மேலே, பலகையில் பதினொரு கண்ணாடிச் சாமான்கள்: புகைநிறக் கிண்ணம், கழுத்து நீண்ட நீலக் குடுவை, உள்ளே நீர்க்குமிழ் உறைந்த பச்சை ஜாடி. நடுவில் ஒரு தேக்குத் தட்டு.

"விலைக்கா அக்கா?"

"கை வைக்காத தம்பி, அது என்னுது."

"அவ அப்பன் சீரா குடுத்தாரு பாரு!" என்றார் தராசடியில் இருந்த அவள் கணவர் ராபர்ட்.

2004-இல் வெளிநாட்டுப் பாதிரிமார் பங்களா ஒன்றைக் காலிசெய்தபோது மூட்டையாக வந்தவை. உடைசலுக்குள் கைவிட்டு, விரலை அறுத்துக்கொண்டு, அவள் பொறுக்கி எடுத்தாள்.

செம்பியன் தட்டைத் திருப்பினான். அடியில் சுட்ட எழுத்து. "டென்மார்க்" என்று உரக்கப் படித்தான். "கண்ணாடிக்கு அடியில ஒண்ணும் இல்லியா?"

"துளியூண்டு பேப்பர் ஒட்டியிருந்திச்சி. ஊறவெச்சி சொரண்டிட்டேன்."

அந்தக் கடையில் எந்தப் பாட்டிலும் லேபிளோடு வெளியே போகாது. கை பழகிய வேலை.

"பேரையே சொரண்டிட்டீங்களேக்கா!"

அவள் முகம் சுருங்கியது. ராபர்ட் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "பேரு இல்லாதது ஒடைசல்தான் மேரி. ஞாயித்துக்கெழம கண்ணாடி உருக்குற சூளைக்கு லாரி போவுது. ஏத்திடுவேன். பலகையில பேட்டரி வைக்கணும்."

"அதுக்குள்ள கேட்டுச் சொல்றேன்" என்றான் செம்பியன். செல்போனில் படம் எடுத்தான். ஊர் திரும்பியதும் சிதம்பரத்தில் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து, டென்மார்க்கில் ஒரு மியூசியத்துக்குத் தன் ஆங்கிலத்தில் எழுதினான். சனிக்கிழமை பதில் வந்தது. மூன்று அவர்கள் நாட்டு வேலையாக இருக்கலாம். லேபிள் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. மற்ற எட்டும் தெரியவில்லை.

பதினொன்றும் டென்மார்க்தான் என்று சொல்லிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? அந்த வீதியில் அவன் சொல்தான் படித்தவன் சொல். முதுநகர் பஸ்ஸில் வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தான். கடையில் நின்றதும், வந்த பதிலை வந்தபடியே படித்தான்.

"அப்ப எட்ட ஏத்து" என்றார் ராபர்ட்.

சவரிமேரி புடவையில் கையைத் துடைத்தாள். "தெரியலன்னுதாங்க எழுதியிருக்காரு. இல்லன்னு எழுதலியே?"

ராபர்ட் சிரித்துவிட்டார். "வக்கீலு தோத்தான் உங்கிட்ட. பலகைய மட்டும் காலி பண்ணு."

பழந்துணியில் சுற்றி, நாலு நடையாக அவளே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

இது 2012. சவரிமேரி இன்றும் அதே கடையில் எடை போடுகிறாள். வீட்டு அலமாரியில் கண்ணாடிகள் பதினேழு ஆகியிருக்கின்றன. செம்பியன் சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்.