பல்லால் ஏந்திய சீட்டு

பஹ்மலுக்கு எழுபத்தொரு வயது. வலது கையில் மூன்று விரல் மடங்காது, இடது கையில் இரண்டு நிமிராது. சமர்கந்தின் யூதர் தெருவில் அவள் ரொட்டி என்றால் அதில் பதிந்த விரல் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ‘புருஷன் விடுதலை கொடுத்தான்’ என்று யாராவது பேச்செடுத்தால் மட்டும் அவளுக்கு ஆகாது.

அந்தப் புருஷன், மனஷே, பன்னிரண்டு வருஷம் அடித்தான். சப்பாத் ஓய்வுநாள் சோறு குழைந்தது என்று கொதிக்கிற பானையை அவள் காலில் கவிழ்த்தான். வயிற்றில் உதைத்து ஒரு பிள்ளையைக் கலைத்தான். அரசாங்கக் கோர்ட்டு பிரித்து வைத்தது. எங்கள் தெருவுக்கு அது வெறும் காகிதம். புருஷன் விலக்குச் சீட்டை எழுதி, அவள் இரண்டு கையிலும் போட்டால்தான் அவள் தனி ஆள்.

மாட்டேன் என்றான். ஏழு மாதம் ஜெபக்கூடத்தில் ஒருவரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. கடைசியில் சரி என்றான். சீட்டும் எழுதியாயிற்று.

அதை வாங்க வேண்டிய நாள் காலையில், மதகுருவான ரபி வீட்டுக்குக் கிளம்பியவளை வாசலில் மறித்தான். அவள் இரண்டு கையையும் நிலையோடு அழுத்திப் பிடித்து, கதவைக் காலால் உதைத்துச் சாத்தினான். நான்கு தரம். முசுக்கட்டை மரக் கதவு. எலும்பு நொறுங்குவது அவளுக்கே கேட்டது.

‘இனி எதுல வாங்குவேன்னு பாக்கறேன்டி.’

ரத்தம் சொட்டச் சொட்ட நடந்தே போனாள். அவன் முன்னாலேயே போய் நல்ல பிள்ளையாக நின்றிருந்தான்.

‘நான் குடுக்கத் தயார் ரபி. அவளைக் கை நீட்டச் சொல்லுங்க.’

சாட்சிக்கு வந்த கசாப்புக்கார யூனா எழுந்தார். ‘உன்னை இங்கயே வெட்டிருவேன்டா.’

‘உக்காரு யூனா. அடிச்சு வாங்கினா சீட்டு செல்லாது,’ என்றார் ரபி.

பஹ்மல் குனிந்து, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியின் ஓரத்தைப் பல்லால் கவ்வி விரித்துப் பிடித்தாள். ரபி தாடியைத் தடவினார்.

‘அவ கட்டின துணி அவளோடது. கையில விழுந்த மாதிரிதான். சொல்லிட்டுப் போடு மனஷே.’

எல்லோர் முன்னாலும் தயார் என்ற வாய். மறுத்தால் மறுபடியும் ஜெபக்கூடத்தில் ஒதுங்கி உட்கார வேண்டும். ‘இந்தா உன் சீட்டு, எவன்கூட வேணா போ,’ என்று அவள் முகத்தில் எறிந்தான். கன்னத்தில் பட்டுத் துணியில் விழுந்தது.

தெருவில் இறங்கியதும் பழக்கதோஷத்தில் கை ஓங்கினான். அவள் நெற்றியால் அவன் மூக்கில் முட்டினாள். மூக்கு உடைந்தது.

‘இப்ப நீ அந்நிய ஆம்பள. தள்ளி நில்லு.’

இன்றும் ரபிமார் வந்தால் விடமாட்டாள். ‘பொம்பளைக்கு அவ உசுரைத் திருப்பிக் குடுக்க அவன் யாருய்யா? அவன் எங்க குடுத்தான், நான்ல வாங்கினேன்?’