ஒரே தாய்ச்செடியின் நாலாயிரம் நகல்கள்

நேற்று மதியம் என் மகள் போனில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். அதில் வருகிற பெண் கழுத்தில் ஒரு ஊசியைக் குத்திக்கொள்கிறாள். கொஞ்ச நேரத்தில் கழுத்தின் இரண்டு பக்கமும் மீனுக்கு இருப்பதுபோல் செவுள் திறக்கிறது, குதித்து ஆழத்துக்குள் போய்விடுகிறாள். பின்னால் உடம்புக்கு ஒன்றும் செய்யாதா என்று கேட்டேன். விளையாட்டும்மா என்றாள். சளி மாத்திரை கொடுப்பதற்கே அட்டையின் பின்பக்கத்தை மூன்று தடவை படிக்கிற ஆள் நான், கேட்காமல் இருக்க முடியுமா?

அடுத்த கட்டத்தில் அந்தப் பெண் ஒரு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். நீளமான பாலித்தீன் கூடாரம். உள்பக்கம் பூராவும் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறது. அதற்குள் வரிசையாகப் பைகள், பைக்குள் ஆட்கள். போனில் வாசனை வராது என்பார்கள். எனக்கு வந்தது. ஈரமண்ணும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. ஏலப்பாறைக்கு மேலே எங்கள் எஸ்டேட்டின் தேயிலை நர்சரி.

நீங்கள் சிரிக்கலாம், ஆனால் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் பார்த்த முதல் வேலையே குளோன் செய்வதுதான். தாய்ச்செடியின் கிளையை வெட்டி, ஒரு இலையும் விரல்கட்டை அளவு தண்டுமாக நறுக்கி, மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் ஊன்ற வேண்டும். மேலே கூடாரம் போட்டு இறுக்கி மூடிவிட்டால் மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். விதை கிடையாது, பூ கிடையாது. எல்லாம் தாயின் அச்சு. என் பொறுப்பில் ஒரு பாத்தி, நாலாயிரம் பை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனில் சிடி வாடகைக்கு எடுத்துவந்து, தமிழ் பேசும் வெளிநாட்டுப் படம் ஒன்று பார்த்தேன். ஒரு கம்பெனி, பணக்காரர்களைப் போலவே ஆட்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறது. நிஜ ஆளுக்கு ஈரல் கெட்டால் நகலிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது எங்கள் நர்சரி அல்லவா! அப்புறம் ஒரு நகலுக்குக் காய்ச்சல் வருகிறது. மறுநாள் இன்னொன்றுக்கு. ஒரே உடம்பு, ஒரே பலவீனம். வரிசையாக எல்லாம் சாய்கின்றன.

திங்கட்கிழமை தண்டு நறுக்கிக்கொண்டே எங்கள் வரிசைப் பெண்களுக்குக் கதையைச் சொன்னேன். செல்லக்கனி அக்காதான் எங்களில் மூத்த கை. கத்தியை நிறுத்தாமலே கேட்டாள், "அந்தத் தொட்டிக்குத் தண்ணி யாருட்டி மாத்துதா?"

யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒருத்தியைப் படத்தில் காட்டவே இல்லை.

"அப்ப அது பொய்க்கததான். கோட்டுப் போட்டவனா குனிஞ்சு தண்ணி ஊத்துவான்?"

அன்றிலிருந்து எனக்கு இந்தக் கதைகள் மேல் பைத்தியம். உயிரை வெட்டி ஒட்டுகிற கதை எங்கே கிடைத்தாலும் விடமாட்டேன். வாடகை நூலகத்து நாவல்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன், டிவியில் தொடராக வந்ததைப் பார்த்தேன். ஒன்றிலாவது தண்ணீர் மாற்றுகிறவளைக் காணோம். நேற்று அந்த விளையாட்டில் கூடாரத்தின் மூலையில் ஒரு வாளி கிடந்ததைப் பார்த்துத் துள்ளிவிட்டேன். மகள் பயந்துபோனாள்.

வாளி என்றதும் என் பாத்தியைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் அம்மா ரிட்டயர் ஆகப்போகிற வருடம். வீட்டில் ஒருவராவது பெர்மனென்ட் ஆக இல்லாவிட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் தற்காலிகம். என் பெயரை மேலே அனுப்புவதும் அனுப்பாததும் நர்சரி சூப்பர்வைசர் அண்ணாச்சியின் கையில். அவர் என் பெயரைப் பார்ப்பதோ என் பாத்தியின் முகத்தில்.

படம் பார்த்த இரண்டாம் வாரம் பாத்தியில் ஒரு இலை மஞ்சளாகி அடித்தண்டு கறுத்தது. மறுநாள் ஆறு. அந்தக் காய்ச்சல் வந்தேவிட்டது என்று நினைத்தேன். நாலாயிரமும் ஒரே தாய்வழி. ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். கூடாரத்தைத் தூக்கக் கூடாது என்பது நர்சரியின் முதல் சட்டம். நான் தினமும் தூக்கினேன். சீக்குப் பிடித்த பைகளைக் கொழுந்துச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் ஒதுக்கி வைத்தேன். அம்மா, என்னட்டி இது ஆஸ்பத்திரி மாதிரி என்றாள்.

பாத்தியில் விழுந்த இடைவெளியை அண்ணாச்சி பார்த்துவிட்டார். நான் அழுதுகொண்டே படக்கதை முழுவதையும், பைகளை வீட்டில் வைத்திருப்பதையும் சொன்னேன். கடைசியில் அவர் பாத்தியிலிருந்து ஒரு பையை எடுத்துப் பிழிந்தார். துணி பிழிந்த மாதிரி தண்ணீர் வடிந்தது.

"நோயும் இல்ல ஒண்ணும் இல்ல பிள்ள. நீ பயந்து பயந்து ஊத்துன தண்ணிதான் இது."

உண்மைதான். ஒவ்வொரு தடவை திறந்து பார்த்தபோதும், காய்ந்துவிடுமோ என்று ஒரு பூவாளித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் மூடினேன். செல்லக்கனி அக்கா, "இவ பயத்துக்கு அணையையே தொறந்து விட்டிருப்பா அண்ணாச்சி" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள், "சீக்குன்னு நெனச்சு ஒதுக்கி வச்சிருக்கா. சீக்க மூடி மறச்சு மத்த பாத்திய அழிய விடலல்லா. அதையும் யோசிங்க."

அண்ணாச்சி யோசித்தார். கூடாரத்தை இறுக்கி மூடு, நான் சொல்லும்வரை தொடாதே, வேர் பிடித்தால் பெயரை அனுப்புகிறேன் என்றார். ஐயோ, சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை! கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து வாரம் கழித்து அவரே வந்து நடுப்பாத்தியில் ஒரு பையை எடுத்துப் பிளேடால் கிழித்தார். நாங்கள் எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்தோம். கறுப்பு மண்ணுக்குள் வெள்ளை வெளேரென்று, சேமியா மாதிரி வேர்.

ஒரு தண்டுத் துண்டு தன் காலைத் தானே முளைக்க வைத்திருக்கிறது! இதற்குப் பிறகு செவுள் முளைப்பதெல்லாம் எனக்கு எம்மாத்திரம்? அக்கா என் முதுகில் ஒன்று போட்டாள். நான் பெர்மனென்ட் ஆனேன். வீடு நின்றது.

நின்றது சில வருடம்தான். கம்பெனி எஸ்டேட்டைப் பூட்டிவிட்டுப் போனது. செல்லக்கனி அக்கா மகனோடு திருப்பூர் போனாள், மற்றவர்கள் கம்பம் தேனி என்று பிரிந்தார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். நர்சரி இருந்த இடத்தில் புல். எங்கள் லயத்துக்குக் கூரை இல்லை. என் நாலாயிரத்தை நட்ட சரிவுக்கு ஏறிப்போனேன். இடுப்புக்கு மேல் வளரவிடாமல் வெட்டி வெட்டி ஒரே உயரத்தில் வைத்திருந்த செடிகள், வெட்ட ஆளில்லாமல் மரமாகிவிட்டன. ஒன்று சாய்ந்து நிற்கிறது, ஒன்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது, ஒன்றில் கொடி ஏறிக் கிடக்கிறது. எல்லாவற்றிலும் வெள்ளைப் பூ, பூ முழுக்கத் தேனீ. ஒன்றைப் போல ஒன்று இல்லை.

பழக்கத்தில் கையை நீட்டினேன். பறிக்க ஒரு கொழுந்து எட்டவில்லை.