முப்பத்தேழாம் சைஸ் கால்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்கு ஒரு விசித்திரமான வேலை. என் கால் அச்செடுத்தாற்போல் முப்பத்தேழாம் சைஸ். அதனால் எந்தப் புது மாடலையும் முதலில் நான்தான் போட்டு நடந்து பார்ப்பேன். நான் ‘பாஸ்’ என்றால்தான் அது வெளியே போகும். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

போன வருஷம் ஒரு ஷூவை மூன்று நாள் மாலையும் போட்டுப் பார்த்து, இறுக்குகிறது என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினேன். தைத்த நஸ்ரீனை எல்லோர் முன்னாலும், “அளவு பாக்காமலா தைக்கிற?” என்று கத்தியும்விட்டேன்.

அவள் அருகில் வந்தாள். என் எதிரே குந்தினாள். ஷூ தைக்கும் தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போமே, அதேபோல் என் கணுக்காலுக்கு மேல் அழுத்தி விரலை எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது.

“ஷூ சரியாத்தான்க்கா இருக்கு. உங்க கால்தான் வீங்கியிருக்கு. எங்கம்மாவுக்கும் இப்டித்தான் நீர் கோத்துச்சு. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.”

காட்டினேன். ரத்தக் கொதிப்பு ஏறி, சிறுநீரகத்தைத் தொட ஆரம்பித்திருந்தது. “நல்ல வேளை, சீக்கிரமா வந்தீங்க” என்றார் டாக்டர். மாத்திரை வந்தது, ஊறுகாய் போனது, வீக்கம் வடிந்தது. அதே ஷூ கச்சிதமாகப் பொருந்தியது.

எல்லோர் முன்னாலும் நஸ்ரீனிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று நாள் அவள் கையைச் சந்தேகப்பட்ட நான், என் காலை ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லையே!

இப்போதெல்லாம் புது மாடல் வந்தால், முதலில் அவள் குனிந்து என் கணுக்காலை அழுத்துகிறாள்.

“கால் பாஸுக்கா. இப்ப ஷூவைப் பாருங்க.”